நொடித்த நிறுவனத்தின் கையில் அட்ஜுடிகேஷன் தீர்ப்பு: இங்கிலாந்தும் நியூ சவுத் வேல்ஸும்

பிரிட்டனின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டுமான ஒப்பந்தத் தகராறை விரைந்து தீர்க்கும் அட்ஜுடிகேஷன் முறையில், அட்ஜுடிகேட்டர் எனப்படும் தீர்ப்பாளர் பொதுவாக 28 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நீதிமன்றமோ நடுவர் மன்றமோ பின்னர் வேறு முடிவுக்கு வரும்வரை அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். முதலில் பணத்தைக் கட்டு, பிறகு வழக்காடு என்பதே ஏற்பாடு. ஆனால் பணம் பெறும் நிறுவனம் நொடித்துப்போனால், பின்னர் வழக்கில் வென்றாலும் திரும்பப் பெற ஒன்றும் மிஞ்சாது.

நிறுவனம் தள்ளாடினாலும் இன்னும் கலைப்புக்கு, அதாவது சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பகிர்ந்து நிறுவனத்தை மூடும் நடவடிக்கைக்கு, போகாத நிலைக்கு, இங்கிலாந்தின் விம்பிள்டன் எதிர் வேகோ (2005) வழக்கு நல்ல விடை தந்தது. நொடிப்பு அபாயம் மெய்யானால் நீதிமன்றம் நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கலாம். ஆனால் ஒப்பந்தம் செய்த நாளிலும் அந்நிறுவனம் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருந்தது என்றாலோ, தீர்ப்புப் பணத்தைத் தராததே பெருமளவில் அதைச் சாய்த்தது என்றாலோ, எதிர்த்தரப்பு பொதுவாக அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. மெலிந்தவர் என்று தெரிந்தே வேலை கொடுத்தவர் பிறகு அதையே காரணம் காட்டலாகாது என்பது நியாயந்தானே.

கலைப்பு தொடங்கிவிட்டால்தான் பாதைகள் பிரிகின்றன. ஆஸ்திரேலிய மாநிலமான நியூ சவுத் வேல்ஸ், 2019 அக்டோபர் 21இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், கலைப்பிலுள்ள நிறுவனம் கட்டுமானப் பாக்கியை விரைந்து பெற உதவும் அம்மாநிலச் சட்டத்தின் கீழ்க் கோரிக்கை அனுப்பவோ தீர்ப்பை நிறைவேற்றவோ முடியாதென அடைத்துவிட்டது. இங்கிலாந்திலோ, பிரெஸ்கோ எதிர் லான்ஸ்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் (2020) கலைப்பை நடத்தும் கலைப்பாளரும் அட்ஜுடிகேஷனை நாடலாம் என்றது. அடுத்த ஆண்டே ஜான் டாய்ல் எதிர் எரித் வழக்கில், சுமார் 12 லட்சம் பவுண்டுத் தீர்ப்பைக் கையில் வைத்திருந்த கலைப்பாளர்களுக்கு, பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தால் அதற்கென அவர்கள் முன்வைத்த பிணையம் தெளிவாகவும் போதுமானதாகவும் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. எதிர்க்கோரிக்கைகள் நிலுவையில் இருக்கையில், தக்க பிணையம் தந்தாலும் முழு விசாரணையில்லாத உடனடி நீதிமன்றத் தீர்ப்புக் கிடைக்கக் கூடாது என்றுகூட நீதிபதி கோல்சன், அவ்வழக்கின் முடிவுக்குத் தேவைப்படாத கருத்தாக, எழுதினார். வாசலைத் திறந்துவிட்டுப் பெட்டியைப் பூட்டிவைத்த கதை.

நியூ சவுத் வேல்ஸ் விதி செலவை முளையிலேயே தவிர்க்கிறது. ஆனால் ஒப்பந்ததாரரின் வீழ்ச்சியே பாக்கிதாரருக்கு ஆதாயமாகிறது. இங்கிலாந்தில் பணம் உடனே வராவிட்டாலும், இருதரப்புப் பாக்கிகளையும் கழித்து நிகரத் தொகையைக் காண அட்ஜுடிகேட்டரின் கணக்கு கலைப்பாளருக்கு உதவுகிறது. ஆகவே இறுதிக் கணக்கு முழுவதும் ஒரே ஒப்பந்தத்துக்குள் அடங்குமாயின் இங்கிலாந்து வழியே மேல். வேலை நடக்கும்போதே போடும் ஒரு இடைக்கால பில்லை மட்டும் பற்றிய தீர்ப்பாயின், நியூ சவுத் வேல்ஸின் கறார்தான் எனக்குச் சரியெனப்படுகிறது.