மாமாவின் பெருவிரலும் கீழ்த்தள மருந்தகமும்

தீபாவளிக்கு பெர்த்திலிருந்து சிங்கப்பூர் ஈசூனுக்கு வந்திருந்தேன். விருந்துக்கு மறுநாள் காலை மாமாவால் கால் ஊன்ற முடியவில்லை. வலது பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்துகிறார். பழைய கௌட்தான், யூரிக் அமிலம் கூடி மூட்டில் வரும் வலி. முந்தின இரவு கம்பிங் சூப்பும் (ஆட்டுக்கறி சூப்) டைகர் பீரும்.

அரசு பலதுறை மருந்தகத்தில் (இங்கே மருந்தகம் என்றால் கிளினிக்) அன்றைக்கு இடமில்லை. பக்கத்து புளோக் கீழ்த்தளத்தில் இருந்த தனியார் மருந்தகத்துக்குப் போனோம். மெர்டேகா தலைமுறை அட்டையை (மூத்தோருக்கான அரசுச் சலுகை அட்டை) காட்டியதும் மானியம் கழித்துத்தான் பில் போட்டார்கள். மருந்தும் அங்கேயே கவுண்டரில் கிடைத்துவிட்டது. பெர்த்தில் சீட்டோடு பார்மசி தேடிப் போகவேண்டும். காத்திருப்புதான் கொடுமை. கால் நீட்ட ஒரு ஸ்டூல் கேட்டேன், கவுண்டர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்டர் நம்ம தமிழ்ப் பெண்.

"அங்கிள், நேத்து என்ன குடிச்சீங்க?"

"பீர்தான்மா. இனிமே விஸ்கி மட்டும்."

அவர் சிரித்துவிட்டார். எந்த மதுவானாலும் அதை உடல் உடைக்கும்போது யூரிக் அமிலம் கூடுமாம், அதைச் சிறுநீரகம் வெளியேற்றுவதும் குறையுமாம். பீரில் அதற்கு மேல், உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரினும் உண்டு. ஆல்கஹால் இல்லாத பீரும் அந்த வகையில் தப்பவில்லை. மாமா கடைசியாக "ஒயின்?" என்றார். அதுவும் வேண்டாம் என்றார் டாக்டர். அவர் சொன்னது சரிதான். 2004இல் வந்த ஓர் ஆய்வு அளவான ஒயினைக் குற்றம் சொல்லவில்லை; ஆனால் 2014இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கௌட் உள்ளவர்களுக்கு ஒயினும் வலியைக் கிளப்பியது.

கௌட் வலிக்கான கோல்கிசின் கொடுத்தார்: உடனே இரண்டு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. வயிற்றுப்போக்கு வரலாம் என்றும் எச்சரித்தார். வலி வந்ததும் மாமா, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினாலை நிறுத்திவிட்டிருந்தார். அதற்குத்தான் நல்ல திட்டு. தினமும் சாப்பிடும் மாத்திரையை வலி நேரத்தில் நிறுத்தக் கூடாதாம், இரத்தத்தில் யூரிக் அமிலம் லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்கவேண்டுமாம்.

வலி இருக்கும்போது அளவு குறைவாகக் காட்டக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையை இரண்டு வாரத்துக்குத் தள்ளினார். அதற்குள் எனக்கு ஃபிளைட். அத்தைதான் கூட்டிப்போக வேண்டும். தேதியை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.