இலவச டிஷ்ஷுக்கு அம்மா கட்டிய 4,550 ரூபாய்

சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் அம்மா அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள், வீட்டில் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால், இன்றைக்கே ஒரு போன் போட்டு, "டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் பண்ணணும்னு யாராவது வந்தாங்களா?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு மெக்கானிக் வந்தார். ஐப்பசியிலிருந்து பங்குனிக்குள் மூன்று தடவை வந்து அம்மாவிடம் 4,550 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். ஆள் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு துண்டுச் சீட்டுகூடக் கையில் இல்லாமல் எழுதினால் வம்பு எனக்குத்தான்.

அப்பா இருந்த காலத்தில் மொட்டைமாடியில் நீளமான இரும்புக் குழாயில் ஏரியல் கட்டி, கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். காற்றில் திரும்பிக்கொண்டால் திரை முழுக்கப் புள்ளி பொரியும். ஆனாலும் செய்தி வாசிப்பவர் யாரென்று தெரியும். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. சிக்னல் ஓர் அளவுக்குக் குறையும்வரை படம் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும், சத்தம் விக்கும், அப்புறம் கறுப்புத் திரைதான். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்த கோளாறு ஒரே நாளில் வந்தது போலத் தெரியும். "பாக்ஸ் போச்சும்மா" என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றும்.

ஐப்பசி மழையில் முதல் தடவை படம் நின்றது. பலத்த மழையில் டிஷ் சிக்னல் போவதும், மழை விட்டதும் தானாக வருவதும் சகஜம். இங்கே மழை விட்டும் வரவில்லை. வந்த மெக்கானிக், டிஷ்ஷின் முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கிற, சிக்னலை வாங்கும் எல்என்பி போய்விட்டது என்று 650 ரூபாய், கூலி 300. பழையதைப் பையில் போட்டுக்கொண்டார். மதுரை டவுன் ஹால் ரோட்டில் பிறகு விசாரித்தேன், அதே எல்என்பி 200 ரூபாய்.

தை மாதம் மறுபடி படம் போனது. இந்தத் தடவை டிவியில் ஒரு பட்டையைக் காட்டி, "சிக்னல் எண்பது இருக்கு பாருங்கம்மா, டிஷ் நல்லாத்தான் இருக்கு, பாக்ஸ்தான் அவுட்டு" என்றிருக்கிறார். பாக்ஸ் 1,800, கூலி 300. அவர் காட்டியது ஸ்ட்ரெங்த் பட்டை. எல்என்பிக்கும் கேபிளுக்கும் உயிர் இருந்தால் போதும், டிஷ் வெற்று வானத்தைப் பார்த்தாலும் அது உயரமாகத்தான் நிற்கும். அதன் கீழே குவாலிட்டி என்று இன்னொரு பட்டை இருக்கும். நமக்கு வேண்டிய சேட்டிலைட் கிடைக்கிறதா என்று சொல்வது அதுதான். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

மூன்றாவது தடவை வந்ததை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. பங்குனிக் கடைசியில் படமும் சரியாக வரவில்லை, அம்மா பார்க்கும் இரண்டு சேனல்களையும் காணோம். "வருசம் முடிஞ்சு போச்சும்மா, ரீசார்ஜ் போடணும்" என்று 1,200 ரூபாய், கூலி 300. ஃப்ரீ டிஷ் 2004-இல் தொடங்கிய பிரசார் பாரதியின் சேவை. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்குவதோடு செலவு முடிந்தது. மாதக் கட்டணமும் இல்லை, வருடக் கட்டணமும் இல்லை. தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுத்து வருகின்றன. ஏப்ரல் வாக்கில் சில போகும், சில வரும். அப்போது மெனுவில் போய் ஆட்டோ ஸ்கேன் கொடுத்தால் இருப்பதெல்லாம் வந்துவிடும். அந்த ஒரு பட்டனைத்தான் 1,200 ரூபாய்க்கு அழுத்தியிருக்கிறார்.

எனக்கு இதெல்லாம் சித்திரையில் ஊருக்குப் போன போதுதான் தெரியும். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் படம் இல்லை. சாயந்தரம் ஐந்து மணிக்கு யாரும் தொடாமலே வந்தது. "அது அப்படித்தாம்ப்பா, சில நாள் தானா வந்துரும்" என்றார் அம்மா. சனிக்கிழமை முழுக்கப் படம் ஒழுங்காக வந்தது. ஞாயிறு காலை அம்மா ஜமுக்காளத்தையும் இரண்டு போர்வைகளையும் துவைத்து மாடிக்கு எடுத்துப் போனார். கீழே டிவியில் படம் போனது.

மாடியில் போய்ப் பார்த்தால், அப்பாவின் ஏரியல் குழாயில் ஒரு முனை, டிஷ் ஸ்டாண்டின் கழுத்தில் மறுமுனை என்று துணிக் கொடி. ஈரத் துணியின் பாரத்தில் டிஷ் தலையைத் திருப்பிக்கொள்கிறது. துணி காயக் காயத் திரும்ப நிமிர்கிறது. ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 சேட்டிலைட் நிற்பது 93.5 டிகிரி கிழக்கில், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் தூரத்தில். நம்மூரிலிருந்து தென்கிழக்கே, ஏறக்குறைய 68 டிகிரி உயரத்தில். இரண்டடி டிஷ் ஒன்றிரண்டு டிகிரி விலகினாலே போதும், குவாலிட்டி கவிழ்ந்துவிடும். கொடியைக் கட்டியது அம்மாதான், அதை மறைக்க ஒன்றுமில்லை.

கொடியை அவிழ்த்து கைப்பிடிச் சுவர்க் கொக்கியில் கட்டினேன். ஸ்டாண்டில் நட்டு தளர்ந்திருந்தது. அதைக் கொஞ்சம் இளக்கி, போனை ஸ்பீக்கரில் போட்டு, டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். கீழேயிருந்து அம்மா குவாலிட்டி எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இருவத்தி ரெண்டு… நாப்பது… அம்பத்தஞ்சு… எழுபத்தி மூணு, நிறுத்து நிறுத்து!" நட்டை இறுக்கினேன். எல்என்பியில் கேபிள் சேரும் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. நுனியை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு டேப் சுற்றினேன். கேபிளை டிஷ்ஷுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டேன், மழைத் தண்ணீர் கனெக்டருக்குள் இறங்காமல் சொட்டிவிடும். மொத்தச் செலவு 40 ரூபாய்.

மெக்கானிக்கை போனில் பிடித்தேன். "கொடி கட்டிருந்துச்சா? நான் கவனிக்கலையே சார்" என்றார். பக்கத்திலிருந்த அம்மா போனை வாங்கி, "ஏப்பா, மூணு தடவையும் நீதான அதை அவுத்து வேலை பாத்துட்டுத் திரும்பக் கட்டிட்டுப் போன? உன் முடிச்ச அவுக்கவே முடியலையேப்பா!" என்றார். அந்தப் பக்கம் லைன் துண்டிக்கப்பட்டது. பணமும் வரவில்லை, பழைய பாக்ஸும் வரவில்லை. அந்த எல்என்பி நன்றாகத்தான் இருந்திருக்கும். இந்நேரம் வேறு யார் வீட்டிலோ புதுசென்று மாட்டியிருப்பார்.

1915 நுகர்வோர் எண்ணுக்குச் சொல்லலாம் என்று நினைத்தால், பில் இல்லை. பணமும் ரொக்கமாகக் கொடுத்தது. எதிர்வீட்டு மதினியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் இரண்டு வருடமாக "ரீசார்ஜ்" போட்டுக்கொண்டிருக்கிறாராம், அதே ஆளிடம்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு அம்மா விடியற்காலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஊறப்போட்ட துணி வாளியில் அப்படியே இருந்தது. கொடியைத்தான் இடம் மாற்றிவிட்டேனே, காயப்போடுங்கள் என்றேன். "எதுக்கும் இருக்கட்டும்ப்பா, சாமி இறங்கட்டும்" என்றார்.