ஓட்டு போட்டா விரல்ல வைக்கிற மை, என் ரிவ்யூ

எல்லாரும் போனு மிக்ஸின்னு ரிவ்யூ போடுறீங்க, நான் போடப்போறது கடையில காசு குடுத்து வாங்கவே முடியாத ஒரு பொருளுக்கு. தேர்தல் மை. சட்டமன்ற தேர்தல் வருது, வீட்ல பையனுக்கு இதுதான் முதல் ஓட்டு, அதனால மனசுல இருக்குறதையும் சேத்தே எழுதுறேன்.

மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ்னு கர்நாடக அரசு கம்பெனி, 1937ல மைசூர் மகாராஜா ஆரம்பிச்சது, 1962 தேர்தல்ல இருந்து நம்ம விரல்ல வைக்கிறது அவங்க செஞ்ச மைதான். 10 மில்லி பாட்டில் ஒண்ணுல சுமார் 700 பேருக்கு வைக்கலாம். வைக்கும்போது ஊதா கலர்ல ஈரமா இருக்கும், ஒரு நிமிஷத்துக்குள்ள காஞ்சிடும், பூத்தை விட்டு வெயிலுக்கு வந்தா கறுக்க ஆரம்பிக்கும். உள்ள இருக்குறது சில்வர் நைட்ரேட், அது தோல்ல இருக்குற உப்போட சேந்து வெளிச்சம் பட்டதும் கறுப்பாகி அப்படியே பிடிச்சுக்குது. 2024 ஏப்ரல் 19 எனக்கு வச்சாங்க, சோப்பு தேங்காயெண்ணெய் எலுமிச்சம்பழம் எதுக்கும் அசையல, தோல்ல இருந்தது ரெண்டு மூணு வாரத்துல உரிஞ்சு போச்சு, நகத்துல இருந்தது நகம் வளர வளர வெட்டித்தான் போச்சு, ஆடி மாசம் வரைக்கும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. காயுறதுக்குள்ள சட்டையில படாம பாத்துக்கங்க, பட்டா அந்த சட்டை அவ்வளவுதான்.

பொருளா பாத்தா 5க்கு 5 குடுப்பேன். ஒருத்தர் ரெண்டு தடவ ஓட்டு போடக்கூடாது, அதுக்குத்தான் இந்த மை, அத ஒழுங்கா செய்யுது.

ஆனா அந்த ஓட்டு யாரோடதுன்னு மைக்கு தெரியாது. 2019ல வேலூர்ல பணப்பட்டுவாடான்னு சொல்லி நாடாளுமன்ற தேர்தலையே ரத்து பண்ணாங்க, ஆர்.கே.நகர்லயும் 2017ல இதேதான். எங்க தெருவுக்கும் கவர் வந்துச்சு, வாங்குனவங்க எல்லாம் நல்லவங்கதான், கஷ்டப்படுறவங்கதான், அவங்கள திட்ட எனக்கு மனசு வரல, குடுத்தவன் மேலதான் கோவம் வந்துச்சு, ஆனா மறுநாள் எல்லார் விரல்லயும் ஒரே மாதிரி கோடு இருந்தத பாத்தப்ப வயித்த பெசஞ்சுது.

இன்னொன்னு சொல்லணும். 2014ல ஆப்கானிஸ்தான் ஹெராத்துல ஓட்டு போட்டுட்டு வந்த பெரியவங்க 11 பேரோட மை வச்ச விரல தாலிபான் வெட்டுனாங்க. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 2008 ஜூன்ல ஜிம்பாப்வேல அதிபர் முகாபேவ எதுத்து தேர்தல்ல நின்னவர் அடி உதை கொலைன்னு பாத்து விலகிட்டாரு, முகாபே மட்டும்தான் களத்துல, அங்க ஜனங்க விரல்ல மை இல்லன்னா அடி விழும்னு பயந்துபோய் ஓட்டு போட்டாங்க. ஒரு ஊர்ல மை இருந்ததுக்கு தண்டனை, இன்னொரு ஊர்ல இல்லாததுக்கு. ஆட்சியில இருக்குறவன் யாருன்னு தெரியாம அந்த விரல் சந்தோஷத்துல நீட்டுனதா பயத்துல நீட்டுனதான்னு சொல்லவே முடியாது.

நம்ம கத வேற மாதிரி வலிக்குது. 1975 ஜூன் 25 இந்திராகாந்தி எமர்ஜென்சி கொண்டு வந்தாங்க, அடுத்த ஜனவரி 31 திமுக ஆட்சிய கலைச்சாங்க, விசாரணையே இல்லாம சிறையில வைக்கிற மிசா சட்டத்துல ஆளுங்கள பிடிச்சு உள்ள போட்டாங்க, சென்னை முன்னாள் மேயர் சிட்டிபாபு சிறையில அடிபட்டு 1977ல செத்தே போனாரு. அதே வருஷம் மார்ச்ல தேர்தல். வடக்க ஜனங்க இந்திராகாந்திய ரேபரேலியிலயே தோக்கடிச்சாங்க, இங்க தமிழ்நாட்டுல 39ல 34 தொகுதி அதிமுக காங்கிரஸ் கூட்டணிக்கு. எங்கப்பா அந்த 34ல ஒரு தொகுதியில ஓட்டு போட்டவரு. ஏம்ப்பா அப்படின்னு கேட்டேன், "பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சுப்பா, ஆபீசுல ஆளு சீட்டுல இருந்தான், அதுவும் இல்லாம எம்ஜிஆர் அந்தப் பக்கம் நின்னாரு"ன்னாரு. பக்கத்து தெரு வாத்தியார ராத்திரியோட ராத்திரியா கூட்டிட்டு போனது தெரியுமான்னு கேட்டதுக்கு தெரியும்னு சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தாரு.

நான் அப்பாவ குத்தம் சொல்லல. மனுசன் நல்லவரு. அதனாலதான் எனக்கு பயமே. கெட்டவங்க மட்டும் சர்வாதிகாரத்துக்கு ஓட்டு போட்டா கண்டுபிடிச்சு தடுத்துடலாம், பஸ்ஸு நேரத்துக்கு வரணும்னு ஆசப்படுறவங்க போட்டா என்ன பண்றது. இப்பவும் டீக்கடையில "எதுக்கு இத்தன கட்சி, ஒரே ஆள் கையில மொத்தமா குடுத்துட்டா நாடு உருப்பட்டுடும்"னு தினம் ஒருத்தர் சொல்றாரு, நாலு பேரு தலையாட்டுறாங்க, போன மாசம் என் பையனும் வீட்ல அதையே சொன்னான். கட்சிங்க மேல எனக்கும்தான் ஆத்திரம், எல்லா கட்சி மேலயும், ஆனா பிடிக்கலன்னா அஞ்சு வருஷத்துல திருப்பி அனுப்ப வழி இருக்கே, மொத்தமா ஒருத்தர்கிட்ட குடுத்துட்டா அந்த வழிய யார்கிட்ட போய் கேப்ப?

இதெல்லாம் அவன்கிட்ட சொன்னேன், ஹெராத்து, ஜிம்பாப்வே, சிட்டிபாபு எல்லாம். கேட்டுட்டு இருந்தவன், "அப்ப தாத்தா யாருக்கு போட்டாரு"ன்னான். சொன்னேன். எந்திரிச்சு தாத்தா ரூமுக்கு போனான், ரெண்டு பேரும் ராத்திரி வெகுநேரம் பேசிட்டு இருந்தாங்க, கதவு சாத்தியிருந்துச்சு.