தர்மபுரி, கிருஷ்ணகிரி பாறைத் தடங்களுக்கு ஒரு மலைச்சைக்கிள்: 60 ஆயிரத்துக்குள் எதற்குப் பணம் தரலாம்?

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் மழை அரித்த செம்மண் வண்டித்தடமும், நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் கருங்கல்லும், ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள்ளும்தான். இவற்றைத் தாங்கினால்தான் அது இங்கே மலைச்சைக்கிள். தடித்த டயரும் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் மாட்டிக் கடை வாசலில் நிறுத்தியிருப்பவற்றில் பல, ஏரிக்கரை மண்பாதைக்கு மேல் போகச் செய்யப்பட்டவை அல்ல.

பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ராக்ரைடர், மான்ட்ரா, ஃபயர்ஃபாக்ஸ், ட்ரெக் மார்லின், ஸ்காட் ஆஸ்பெக்ட், ஜயன்ட் டாலன் என எதுவானாலும், அதே பெயரில் வருஷத்துக்கு வருஷம் பாகங்கள் மாறும். அந்த வருஷத்துப் பாகப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கையேட்டில் பயன்பாட்டு வகை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வகை 2 என்றால் மண்சாலை, சரளைச்சாலை, 15 செ.மீ. வரையிலான குதிப்பு. வகை 3 என்றால் கரடுமுரடான தடம், 61 செ.மீ. வரையிலான குதிப்பு. பாறைத் தடத்துக்கு வகை 3 வேண்டும். எதுவுமே சொல்லாத சைக்கிளை வகை 2 என்றே வைத்துக்கொள்வது நல்லது.

20 ஆயிரத்துக்குள் பின் ஷாக் வைத்த சைக்கிளை வாங்கவே வாங்காதீர்கள். அந்த விலையில் வருவது வெறும் ஸ்பிரிங். அமுங்கியதை மெதுவாக விடுவிக்க உள்ளே ஒன்றும் கிடையாது. ஏற்றத்தில் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கும், இறக்கத்தில் சீட்டோடு சேர்த்துத் தூக்கிப் போடும். மடங்கும் மூட்டுகளில் இருக்கும் புஷ் சீக்கிரமே தேய்ந்து பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கிவிடும். கையில் அவ்வளவுதான் பணம் என்றால், ஷாக்கே இல்லாத ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) நல்ல பிரேக்கும் உள்ள சாதாரண மலைச்சைக்கிள் எவ்வளவோ மேல். பாறையில் வேகம் குறையும், ஆனால் சைக்கிள் உடையாது.

முதலில் பார்க்க வேண்டியது பின்சக்கரத்தின் ஹப், அதாவது நடுக்குடம். மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல் வகையில், வலதுபக்க பேரிங் ஹப்பின் உட்பக்கம் ஒதுங்கியிருக்கும். அதற்கு வெளியே ஆக்சில் தாங்கலின்றி நீண்டிருக்கும். உடல் எடையோடு பாறையிலிருந்து இறங்க இறங்க அந்த இடத்தில் ஆக்சில் வளையும், சில சமயம் முறியும். கேசட் வகையில் பேரிங் கடைசி ஓரம் வரை போவதால் இந்தத் தொல்லை இல்லை. பின்னால் 7 பல்சக்கரம் என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான். 8 என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். கடையிலேயே சோதிக்கலாம்: பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் வரிப்பள்ளம் கூடவே சுற்றினால் கேசட், அது நின்றபடி பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல். கேசட் ஹப்புக்காகக் கூடுதலாக ஐந்தாயிரம் போகும் என்றாலும் கொடுக்கலாம்.

அடுத்தது பிரேக். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக் இல்லாமல் வத்தல்மலையிலிருந்து இறங்கலாம்தான், ஆனால் பாதி வழியிலேயே விரல் கடுக்கும். கேபிள் டிஸ்க்கில் ஒரு பக்கத்து பேட் (ரோட்டர் என்னும் வட்டத்தகட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மட்டும் நகரும் மலிவு வகையே அதிகம். பேட் தேயத் தேயக் கையாலேயே முடுக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஷிமானோ எம்டி200 போன்ற தொடக்கநிலை ஆயில் பிரேக்கே இங்குள்ள இறக்கங்களுக்குத் தாராளம். அதில் மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பைக்குக்கு ஊற்றும் டாட் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல் ஊறிப் பாழாகும். ரோட்டரில் ரெசின் பேடுக்கு மட்டும் என்று அச்சிட்டிருந்தால் மெட்டல் பேட் போடாதீர்கள், ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துபோகும். புது பேடைப் பழக்காமல் மலைக்குக் கொண்டுபோகவும் கூடாது. சமதரையில் மிதமான வேகத்திலிருந்து இருபது தடவையாவது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடை வேகம் வரை குறைத்துக் குறைத்துப் பிடித்தால்தான் கடி வரும்.

21 கியர் என்ற எண்ணுக்கு மயங்க வேண்டாம். முன்னால் உள்ள மிகச் சின்னச் சக்கரத்தின் பற்களை, பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தின் பற்களால் வகுத்துப் பாருங்கள். விடை 0.7-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் மலை ஏறும். 21 கியர் சைக்கிளில் சாதாரணமாக வரும் 24-க்கு 28 என்பது 0.86, செங்குத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். 22-க்கு 34 என்றால் 0.65, அருமை. முன்னால் ஒரே சக்கரம் வைத்த 32-க்கு 46 என்றால் 0.70. அதே ஒற்றைச் சக்கர அமைப்பு 32-க்கு 36 என்று வந்தால் 0.89, அது பழைய 21 கியரைவிட மோசம். ஒற்றைச் சக்கரம் எடுத்தால் பின் டெரெய்லரில் (செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் கருவி) செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் கியர்த் தொகுப்பில் உண்டு. இல்லாவிட்டால் கல்லில் குலுங்கும்போது செயின் துள்ளும், கழன்றும் விழும்.

ஃபோர்க் விஷயத்தில் இந்த விலைக்கு அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. சன்டூர் எக்ஸ்சிடி மண்பாதைக்குப் போதும். எக்ஸ்சிஎம் கொஞ்சம் விறைப்பு, பாறைக்குச் சமாளிக்கும். எக்ஸ்சிஆர் காற்று வகை கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம், ஏனென்றால் அதை உங்கள் எடைக்குத் தகுந்தபடி வைக்க முடியும். ஸ்பிரிங் ஃபோர்க் நடுத்தர எடைக்கென்று செய்யப்படுகிறது. 55 கிலோ ஆளுக்கு அது போதிய அளவு அமுங்காது. மேலே உள்ள குமிழைத் திருகினால் தொடக்க இறுக்கம் மாறுமே தவிர ஸ்பிரிங்கின் வலு மாறாது. ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைத் தளர்வாகக் கட்டி, ஆடாமல் ஏறி உட்கார்ந்து இறங்கிப் பாருங்கள். 100 மிமீ அமுங்கும் ஃபோர்க்கில் டை 20 முதல் 25 மிமீ நகர்ந்திருக்க வேண்டும். ஹெட் டியூப் (ஃபோர்க்கின் தண்டு செருகும் ஃப்ரேமின் முன்குழாய்) மேலே குறுகிக் கீழே அகன்றிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படி இருந்தால்தான் பின்னாளில் நல்ல ஃபோர்க் மாட்ட வழி எளிது. காற்று ஃபோர்க்குக்கு அதற்கென்றே ஒரு பம்ப் வேண்டும், பங்க்கில் காற்றுப் பிடிக்கக் கூடாது.

டயர்தான் நம் ஊரில் சைக்கிளைப் பாதியில் நிறுத்துவது. கூடவே வரும் டயர் பெரும்பாலும் கடினமான ரப்பர், ஈரப் பாறையில் வழுக்கும். ஃப்ரேமில் இடம் இருந்தால், அதாவது இரு பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டர் மிஞ்சினால், முன்னுக்கு 2.35 அங்குலம், பின்னுக்கு 2.25 போடுங்கள். டியூப் வைத்து ஓட்டும் 65, 70 கிலோ ஆள் முன்னால் 26 முதல் 28 பிஎஸ்ஐ, பின்னால் 29 முதல் 32 வைக்கலாம். இதற்குக் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஒரே ஓட்டை என்றால் முள். கருவேல முள்ளின் நுனி டயருக்குள் முறிந்து நிற்கும், வெளியே தெரியாது. ஒட்டுப் போட்டுவிட்டு அப்படியே மாட்டினால் அரை கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவி, முள்ளைக் குறடால் பிடுங்கிய பிறகே டியூப் மாட்ட வேண்டும்.

ரிம் டியூப்லெஸ் வகையாக இருந்தால் வாங்கிய மாதமே டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள், நம் முள்ளுக்கு அதைவிட நல்ல செலவு வேறில்லை. சக்கரத்துக்கு 80 முதல் 100 மில்லி சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) போதும். நம் வெயிலுக்கு அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், அப்போது மீண்டும் ஊற்ற வேண்டும். டியூப்லெஸ் ஆகாத ரிம் என்றால், வால்வின் உள்பின் கழற்ற வரும் டியூப் வாங்கி அதற்குள் 60 மில்லி ஊற்றினாலே முள் பஞ்சர் வெகுவாகக் குறையும்.

ஆக, 30 ஆயிரத்தை ஒட்டி கேசட் ஹப், ஆயில் பிரேக், முன்னால் 2, பின்னால் 8 பல்சக்கரம் உள்ள கியர், எக்ஸ்சிஎம் என்று ஒன்று அமைந்தால் தாராளமாக எடுக்கலாம். 45 முதல் 60 ஆயிரத்தில் கிளட்ச் கியரும் டியூப்லெஸ் ரிம்மும் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகத்துக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய ஸ்டிக்கர் விலையையே சொன்னால் அதைச் சொல்லிப் பேசுங்கள். கிடைக்கிற தள்ளுபடிக்காக அளவு தப்பிய ஃப்ரேமை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நின்றபடி கால்களுக்கிடையில் குறுக்குக் குழாயை வைத்தால் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டும்போது நடக்கும் தவறுகள் அதிகம். ஃபோர்க் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும். முன் பிரேக்கின் காலிப்பர் (பேடுகள் உட்கார்ந்திருக்கும் பகுதி) ஓட்டுபவரின் இடது பக்கம் இருந்தால் சரி. இடது பெடலுக்கு எதிர்மரை என்பதை மறந்து முறுக்கியிருப்பார்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள், ஹேண்டில் அடியில் தட்டுகிற உணர்வு வந்தால் ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், தளர்வு. செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ரோட்டரில் பட விடாதீர்கள், பட்டால் பேடையே மாற்ற நேரிடும். முதல் 100 கிலோமீட்டர் கழிந்ததும் ஸ்போக்ஸ், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) போல்ட், கியர் கேபிள் மூன்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த இடது கிராங்க்கோடு ஓட்டினால் அதன் சதுரத் துளை உருண்டுபோகும், பிறகு எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. டெரெய்லர் தொங்கும் ஹேங்கரில் அதே மாடலுக்கு உரிய உபரி ஒன்றைப் புதிதாக வாங்கும்போதே கேட்டு எடுத்துவையுங்கள். கல்லில் இடித்து வளைந்த பிறகு தேடினால் அதே வடிவம் கிடைப்பது கஷ்டம்.

ஓசூர் தாண்டிப் பெங்களூருவில் பழைய சைக்கிள் நிறைய விற்கிறார்கள். ஹெட் டியூப் வெல்டிங்கில் பெயின்ட் வெடிப்பு, ஃபோர்க் குழாயில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இரண்டும் இருக்கக் கூடாது. கிராங்க் சுற்றும் அச்சுக்குழாயின் அடியில் பொறித்த ஃப்ரேம் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

வாங்கியபின் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துக் காப்புக்காட்டுத் தடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். அது காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய யானை வழி. குளிர்காலத்தில் பன்னேருகட்டாவிலிருந்து கூட்டங்கள் அந்தப் பக்கம் வந்து தங்கும். சத்தமில்லாமல் வளைவில் வரும் சைக்கிளை யானை கிட்டே வந்த பிறகுதான் உணரும்.