தண்ணீர்த் தொட்டி வைத்த நத்தார் மர ஸ்டாண்ட்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

பண்டாரவளையில் இருக்கிற கூட்டாளி ஒருவன் போன கிழமை போனில் கேட்டான். "மச்சான், ஒன் வீட்ல இருக்கே அந்த கிறிஸ்மஸ் மரம் நிக்க வைக்கிற ஸ்டாண்டு, இப்ப வெல கொறஞ்சிருக்கு, வாங்கலாமா?" அன்றைக்குத்தான் அதே ஸ்டாண்டின் ஒரு போல்ட்டில் மரை தேய்ந்துபோய், நுவரெலியா டவுனில் வெல்டிங் கடைக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்தச் சூடு ஆறும் முன் எழுதிவிடுகிறேன்.

சாமான் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக் தொட்டி, நான்கு பக்கமும் நெருக்கிப் பிடிக்கிற நீள போல்ட்டு, நடுவில் ஒரு ஆணி. கனடாவில் இருக்கிற சித்தப்பா மகன் பார்சலில் போட்டு அனுப்பியது. அதற்கு முன் எங்கள் வீட்டில் பெயின்ட் வாளிதான், உள்ளே கருங்கல், சுற்றிச் சிவப்பு கிரேப் பேப்பர், மரம் எப்போதும் பாலன் குடில் பக்கமாகக் குடிகாரன் மாதிரி சாய்ந்து நிற்கும். ஸ்டாண்ட் வந்த பிறகு சாயவில்லை. அதை நான் மறுக்கவில்லை. சீமெந்துத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட ஒழுகவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். தொட்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் ஒரு கேலன் என்று போட்டிருக்கிறது. அமெரிக்க கேலன், அதாவது அண்ணளவாக 3.8 லீட்டர். அது வெறும் தொட்டியின் கணக்கு. மரத்தை உள்ளே இறக்கினால் மரமும் இடம் பிடிக்குமே! 10 செ.மீ. குறுக்களவுள்ள அடிமரம் 12 செ.மீ. ஆழத்துக்கு உள்ளே நின்றால், அதுவே ஒரு லீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடத்தைத் தின்றுவிடும். மிச்சம் மூன்று லீட்டரும் இல்லை. வெட்டிய மரத்துக்குச் சொல்லப்படும் பொது விதியோ, அடிமரத்தின் குறுக்களவில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் ஒரு லீட்டர் தண்ணீர் தொட்டியில் இருக்க வேண்டும் என்பது. அப்படிப் பார்த்தால் 10 செ.மீ. மரத்துக்கு 4 லீட்டர். மரமே இல்லாமல் அளந்து ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆளுக்கு மரம் நிறுத்தும் ஸ்டாண்ட் செய்ய என்ன தகுதி இருக்கிறது என்று ஒவ்வொரு டிசம்பரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு கொதிப்பு என்றால், இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. வெட்டிய மரம் முதல் நாளில் நம்ப முடியாத அளவுக்குக் குடிக்கும். தொட்டியில் தண்ணீர் மட்டம் அடிமரத்தின் அறுத்த முகத்துக்குக் கீழே இறங்கினால், சில மணி நேரத்தில் அந்த முகத்தில் பிசின் படிந்து தண்ணீர் ஏறும் வழி அடைபட்டுவிடும். பிறகு தொட்டியை நிரப்பினாலும் பெரிதாகப் பிரயோசனமில்லை. சோடனை எல்லாம் கழற்றி, மரத்தைச் சாய்த்து, அடியில் மறுபடி அறுக்க வேண்டும். அதை யார் செய்வார்கள்? ஒருவரும் செய்ய மாட்டார்கள், மரம் அப்படியே காயும். காய்ந்த மரம் எரிவதையும் நன்றாகத் தண்ணீர் குடித்த மரம் எரிவதையும் அமெரிக்க அரசின் தர, தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான நிஸ்ட் பக்கத்துப் பக்கத்தில் காட்டிய வீடியோ இருக்கிறது, தேடிப் பாருங்கள். காய்ந்தது ஒரு நிமிடத்துக்குள் முழுதாகப் பற்றிவிடுகிறது, மற்றதில் தீ பரவவே சிரமப்படுகிறது. ஒரே கூரையின் கீழ் வீடுகள் ஒட்டியிருக்கிற தோட்டத்து லயத்தில் ஒரு காம்பராவில் பற்றினால் கூரை வழியாக வரிசை முழுக்கப் போகும் என்பது இங்கே வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, ஊற்றித்தானே ஆக வேண்டும் என்று போனால் அடுத்த வில்லங்கம். நம் பக்கம் கிடைப்பது சைப்பிரஸ். கீழ்க்கொப்பு அடர்த்தியாகத் தாழ்ந்து தொட்டியை மூடிக்கொள்ளும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கோடோ ஒரு ஓட்டையோ வைக்கவில்லை, குப்புறப் படுத்து டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இப்போது ஒரு புனலில் ரப்பர் குழாய் மாட்டி நின்றபடியே ஊற்றுகிறேன், விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை உள்ளே விட்டு நனைந்த அளவைப் பார்க்கிறேன். வெளிநாட்டுச் சாமானுக்கு ஈர்க்குக் குச்சி உபகரணம்! காலையில் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை, இதில் தப்பக்கூடாது.

ஊற்றுவது வெறும் தண்ணீர் போதும். சீனி போடு, டிஸ்பிரின் போடு என்று வருகிறவர்கள் எல்லாம் வைத்தியம் சொல்வார்கள், தேவையில்லை. நிறுத்தும் முன் அடியில் இரண்டு செ.மீ. அளவு கைவாளால் நேராக அறுங்கள். தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் சாய்வாகச் சீவினால் தொட்டியில் நிற்கிற ஆழம்தான் குறையும். ஸ்டாண்டுக்குள் போகவில்லை என்று பட்டையைச் சீவவும் வேண்டாம், தண்ணீர் அதிகம் ஏறுவது பட்டைக்கு அடுத்த ஓரப் பகுதியில்தான்.

அதே பார்சலில் வந்த லைட் மாலை 120 வோல்ட். நம் கரண்ட் 230. எழுத்தை வாசித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டேன், இங்கே வாங்கிய எல்.ஈ.டி. மாலைதான் மரத்தில். எல்.ஈ.டி. பழைய குமிழ் பல்பு மாதிரி சூடாவதில்லை. ஒரு மல்டி ப்ளக்கில் இன்னொரு மல்டி ப்ளக்கைச் சொருகாதீர்கள், படுக்கும்போதும் பூசைக்குப் போகும்போதும் அணைத்துவிடுங்கள். கரண்ட் கசிந்தால் அணைகிற ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம், ஒயர் சூடாகிப் பற்றுவதை எல்லாம் அது தடுக்காது. அடுப்பு, கணப்பு, குடிலில் வைக்கும் மெழுகுதிரி, சாமிப்படத்து விளக்கு, எல்லாவற்றுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். முன் காம்பராவில் இடம் இல்லையென்றால் சின்ன மரமாக வாங்குங்கள், வாசலை மறித்து வைக்காதீர்கள்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். டிசம்பர் மழை, மூடுபனி, குளிர் எல்லாம் சேர்ந்து, தொட்டி நிரம்பியிருந்தால் மரம் தைப்பொங்கல் நெருங்கும் வரைக்கும் பச்சையாகவே நிற்கிறது, கதவைத் திறந்தால் அந்த வாசம். கொழும்பில் இருக்கிற தங்கச்சி வீட்டில் புது வருசத்துக்கே சருகாகிவிடும். ஆனாலும் ஜனவரியில் இரவில் புல்லில் உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில், காற்று வறண்டுவிடும், அந்த நேரம் ஒரு நுனிக் கொப்பை விரலால் உருட்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அன்றைக்கே வெளியே. கணப்பில் போட்டு எரிக்கவும் கூடாது, பிசின் வெடித்துப் பொறி பறக்கும், புகைபோக்கியிலும் படியும். அப்புறம் தொட்டியைக் கவிழ்த்துக் காய வைக்காமல் இஸ்தோப்பில் போட்டால் அதில் கொசு முட்டை இடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வந்தால் நமக்குத்தான் வம்பு.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் சாமான் நல்லதென்றுதான் வருகிறது, தெரியும். இருந்தாலும் மச்சான், வாங்காதே. மரை தேய்கிற போல்ட்டும் பொய் சொல்கிற ஸ்டிக்கரும் விலை குறைந்தாலும் அதேதான். அகலமான வாளி ஒன்று எடு, வெல்டிங் கடையில் இரும்பு வளையத்தில் நான்கு போல்ட்டு வைத்துத் தரச் சொல், ஆறு லீட்டர் தாராளமாகப் பிடிக்கும். இல்லை, அதைத்தான் வாங்குவேன் என்றால் மரம் எடுக்கப் போகும்போது டேப் கொண்டுபோய் அடிமரத்தை அள, 7 செ.மீ.க்கு மேல் போகாதே. என்னுடையதை இரவல் கேட்காதே, தர மாட்டேன்.