ஸ்கிப்-வொர்க்ட்ரீ: மூன்று வருஷம் பயன்படுத்திய பிறகு

"டெம்ப்ளேட் ஃபைல் ரெப்போல அப்படியே இருக்கணும். ஸ்கிப்-வொர்க்ட்ரீ போட்டா போதுமா?" என்று போன வாரம் நண்பர் கேட்டார். கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி; ரெப்போ, குழு அதில் பகிர்ந்துகொள்ளும் ஃபைல் தொகுப்பு. ஸ்கிப்-வொர்க்ட்ரீ, ஒரு ஃபைலில் நாம் செய்யும் மாற்றங்களைக் கண்டுகொள்ளாதே என்று கிட்டிடம் சொல்லப் பலர் போடும் குறி.

எங்கள் குழுவின் கான்ஃபிக் ஃபைல், அதாவது அமைப்பு விவரங்களுக்கான டெம்ப்ளேட், ரெப்போவிலேயே இருந்தது. அதில் காலி இடங்கள்தான் இருக்க வேண்டும். டேட்டாபேஸ் முகவரி, பாஸ்வேர்டை அவரவர் கம்ப்யூட்டரில் நிரப்பிக்கொள்வோம். கிட் கண்டுகொள்ளக் கூடாத ஃபைல்களின் பட்டியலான கிட்இக்னோரில் பெயரைச் சேர்த்துப் பார்த்தோம். ஏற்கெனவே டிராக் ஆகும், அதாவது கிட் கண்காணிக்கும் ஃபைலுக்கு அது செல்லாது. கண்காணிப்பிலிருந்து ஃபைலை நீக்கும் ஆர்எம் கேஷ்ட் கொடுத்தோம்; அடுத்த புல்லில் (மற்றவர்களின் மாற்றங்களை இறக்கும்போது), ஃபைலைத் தொடாதவர்களுக்கு அது அழிந்தது, நிரப்பியிருந்தவர்களுக்குப் புல்லே நின்றது.

ஸ்கிப்-வொர்க்ட்ரீ போட்ட அன்றுதான் நிம்மதி. மாற்றங்களைப் பதிவுக்குத் தயார் செய்யும் ஆட் கட்டளையை எல்லாவற்றுக்கும் கொடுத்தாலும் அந்த ஃபைல் மட்டும் வராது. மாதக்கணக்கில் அதை மறந்தே போனேன். இந்த அருமையை மறுக்க மாட்டேன்.

ஆனால் டெம்ப்ளேட்டில் யாராவது ஒரு புது வரி சேர்க்கும் நாள் வரும். புல் கொடுத்தால், உன் மாற்றங்கள் அழிந்துவிடும் என்று கிட் நிறுத்துகிறது. ஸ்டேட்டஸ் கேட்டால், மாற்றமே இல்லை என்கிறது. மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷ் கொடுத்தால், சேமிக்க எதுவும் இல்லை என்கிறது. ஒரே கருவி ஒரே நிமிடத்தில் இப்படி மாற்றி மாற்றிச் சொன்னால் கோபம் வராதா? ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையை 'வி' சேர்த்து ஓட்டி, குறி போட்டதைக் காட்டும் 'எஸ்' எழுத்து எந்த ஃபைலின் முன்னால் நிற்கிறது என்று தேட வேண்டும். பிறகு குறியை எடுத்து, ஸ்டாஷ், புல், பாப் (ஒதுக்கியதைத் திரும்ப எடுப்பது), மறுபடி குறி. இதை ஆளாளுக்குச் செய்ய வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, அந்தக் குறி அவரவர் கம்ப்யூட்டரில் கிட் வைக்கும் பட்டியலான இன்டெக்ஸோடு நின்றுவிடுகிறது, ரெப்போவை நகலெடுக்கும் குளோனில் வராது. புதிதாகச் சேர்ந்த தம்பி முதல் வாரமே பாஸ்வேர்டோடு புஷ் செய்து பொது ரெப்போவுக்கு அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, குறி போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அடுத்த கமிட்டில் (பதிவில்) அழித்தாலும் வரலாற்றில் இருக்குமே, பாஸ்வேர்டையே மாற்றினோம்.

நியாயமாகச் சொன்னால், இந்தக் குறி இதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. ரெப்போவின் ஒரு பகுதியை மட்டும் கம்ப்யூட்டரில் எடுத்து வைக்கும் ஸ்பார்ஸ் செக்கவுட்டுக்காக 2010இல் கிட் 1.7.0-உடன் வந்தது. டிராக் ஆகும் ஃபைலின் மாற்றங்களைப் புறக்கணிக்க வழியில்லை என்று கிட்டின் கேள்வி-பதில் பக்கமே சொல்கிறது. டெம்ப்ளேட்டை ரெப்போவில் வைத்து, அதை நகல் எடுத்து மாற்றிக்கொள்ளச் சொல்கிறது.

போன மாதம் அப்படியே மாறினோம். ரெப்போவில் சாம்பிள் ஃபைல் மட்டும்; நிஜ ஃபைல் கிட்இக்னோரில். சாம்பிளில் புது வரி வந்தால் நம் நகலுக்குத் தெரியாதே, அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் இரண்டையும் ஒப்பிட்டு, விட்டுப்போன வரியின் பெயரைச் சொல்லி நிற்கும்.

நண்பருக்கு என் பதில்: போடாதீங்க. தனி ஆளாக வேலை பார்த்தாலும் போடாதீங்க.