அளவு கராஜிலும் கிடைக்கும், செங்கோணம் கிடைக்காது: வீட்டுப் பட்டறைக்கு எந்த அளவுக்கட்டை?

மேசை வட்டவாளின் உயரத்தை அமைக்க நம்மில் பெரும்பாலோர் எடுப்பது இரும்பு அடிக்கோலைத்தான். பல் முனைக்குப் பக்கத்தில் கோலை நிறுத்தி, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறோம். தலை சற்று அசைந்தாலே முனை வேறு கோட்டில் நிற்பதாகத் தெரியும். அளவுக்கட்டை இந்த வாசிப்பையே இல்லாமல் செய்துவிடுகிறது. கட்டையைப் பல்லுக்கு அருகில் வைத்து, அதன்மேல் நேரான மரச்சட்டம் ஒன்றைக் குறுக்கே போட்டு, பல் அந்தச் சட்டத்தைத் தொடும்வரை வாளை உயர்த்தினால் வேலை முடிந்தது. நாளை அதே உயரம் வேண்டுமென்றால் அதே கட்டை.

அப்படியானால் எந்தக் கட்டை? 1-2-3 கட்டை (பக்கங்கள் 1, 2, 3 அங்குலம் உள்ள உருக்குக் கட்டை), பித்தளைச் சட்டங்கள், ஆய்வுகூடங்களில் பயன்படும் மிகத் துல்லியமான உருக்குக் கட்டைகளான கேஜ் பிளொக், காசில்லாமல் கையில் சிக்கும் மாற்றுப் பொருட்கள் என்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஹாட்வெயார் கடையில் முதல் மூன்றையும் கேட்டால் கிடைப்பது அரிது. இணையத்தில் சொல்லி அனுப்பித்தான் பெற வேண்டியிருக்கிறது. அதனால் எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்று முதலிலேயே பிரித்துப் பார்ப்பது நல்லது.

கேஜ் பிளொக்கை உடனே ஒதுக்கிவிடலாம். சுவீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் யொஹான்சன் 1896இல் உருவாக்கிய இந்த முறை அற்புதமானது. இரண்டு கட்டைகளின் முகங்களைத் துடைத்து, அழுத்திச் சறுக்கினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில கட்டைகளைச் சேர்த்தே ஆயிரக்கணக்கான அளவுகளை எட்டலாம். ஆனால் அவற்றின் அளவு 20 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியது. நுவரெலியாவில் ஒரு காலை 16 பாகை என்றால் 25 மில்லிமீற்றர் உருக்குக் கட்டை மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்கிரோன் அளவுக்குச் சுருங்கியிருக்கும். உலோகம் கடையும் ஒருவருக்கு இது கணக்கில் வரலாம். மரவேலைக்காரருக்கு இதைவிடப் பெரிய கணக்கு இருக்கிறது. 50 மில்லிமீற்றர் அகல மரத்துண்டு, அதன் ஈரப்பதம் நான்கு சதவீதம் ஏறினால், நாருக்குக் குறுக்கே அரை மில்லிமீற்றர் வரை பெருக்கக்கூடும். மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவ மழையும் ஊவாப் பக்கத்தில் வடகீழ்ப் பருவ மழையும் மாதக்கணக்கில் பட்டறைக்குள் ஈரத்தை ஏற்றும் ஊரில், மைக்கிரோன் கணக்குக் கட்டையை மரத்தின் பக்கத்தில் வைப்பது வீண் செலவு. பலாவிலோ கிரவீலியாவிலோ நாமே அளவுக்கட்டை இழைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் இதே காரணத்தால் தோற்றுப்போகிறது.

காசில்லாத பொருட்களைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். அது நியாயமில்லை. நல்ல டிரில் பிட் ஒன்றின் தண்டு சொன்ன அளவைவிட மில்லிமீற்றரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் குறைந்திருக்கும். 6 மில்லிமீற்றர் ஆழத்தில் காடி (நீள் பள்ளம்) எடுக்க, மரத்தைக் குடையும் மின்கருவியான ரவுட்டரை அமைப்பதற்கு அது தாராளம். பிட்டைப் பிடிக்கும் சக்கின் தாடைகள் கடித்த தழும்பு மட்டும் தண்டில் இருக்கக் கூடாது. இருந்தால் சாணைக்கல்லில் மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் கடின உருக்கு டவல் பின் இதைவிடவும் மேல்.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய பெயாரிங். எந்த கராஜின் மூலையிலும் கிடக்கும். அதில் பொறித்த எண் 608 என்றால் வெளிவிட்டம் 22 மில்லிமீற்றர், 6202 என்றால் 35, 6203 என்றால் 40. இந்த வெளிவிட்டம் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகக் கடையப்பட்டிருக்கும். உள்ளே குண்டு தேய்ந்து சத்தம் போட்டாலும் வெளி வளையம் பெரும்பாலும் புதிது போலவே இருக்கும். கூட்டுக்குள் சுழன்று தேய்ந்த தடம் இல்லாததாகப் பார்த்து எடுத்து, நிமிர்த்தி நிறுத்தினால் அது ஓர் உயர அளவு. படுக்கவைத்து அதன் தடிப்பை நம்பக் கூடாது, தடிப்பில் 0.12 மில்லிமீற்றர் வரை குறையலாம் என்று தர விதியே அனுமதிக்கிறது. உருண்டு ஓடும் என்பது உண்மையான குறை. ஒரு பக்கம் சிறு ஆப்பு வைத்தால் நின்றுவிடும்.

பித்தளைச் சட்டங்களுக்கு இவ்வளவு சொல்ல இல்லை. 1/8, 3/16, 1/4, 3/8, 1/2 அங்குலம் என்று ஒரு கட்டாக வரும்; அடுக்கினால் இடைப்பட்ட அளவுகளும் கிடைக்கும். அவற்றின் பெரிய பலம் மென்மை. ரவுட்டர் பிட்டின் கார்பைட் முனையில் தெரியாமல் இடித்தாலும் முனை உடைவது அரிது, தேய்வது பித்தளைதான். கடின உருக்குக் கட்டை இடித்தால் கார்பைட் சிதறிவிடும். துருவும் பிடிக்காது. ஆனால் நம் ஊரில் அறுத்த மரம் அங்குலத்திலும் பிளைவூட் மில்லிமீற்றரிலும் விற்கப்படுகிறது. 12 மில்லிமீற்றர் பிளைவூட்டுக்கான காடியை அரை அங்குலச் சட்டம் வைத்து அமைத்தால் 0.7 மில்லிமீற்றர் தளர்வு வரும்; அலுமாரித் தட்டு ஆடும். அந்த இடத்தில் அதே பிளைவூட்டின் வெட்டுத்துண்டுதான் சரியான அளவுக்கட்டை, எந்தக் கடையிலும் வாங்க முடியாதது.

இதுவரை பார்த்த எல்லாம் தடிப்பையோ உயரத்தையோ மட்டும் தருகின்றன. செங்கோணத்தைத் தருவது 1-2-3 கட்டை மட்டுமே. 25.4, 50.8, 76.2 மில்லிமீற்றர் என்று மூன்று பக்கங்கள், ஆறு முகங்களும் கடினப்படுத்திச் சாணை பிடித்தவை, பெரும்பாலும் சோடியாகவே விற்கிறார்கள். வாள் அலகு மேசைக்கு நேர்க்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, பற்களை விட்டுவிட்டு அலகின் உடம்போடு கட்டையைச் சேர்த்து ஒளி கசிகிறதா எனக் கவனியுங்கள். துளையிடும் இயந்திரத்தின் மேசையைச் சரிபார்க்க, சக்கில் நேரான கம்பி ஒன்றைப் பிடித்து, முன்னாலும் பக்கவாட்டிலும் இதே சோதனை. பெட்டி ஒட்டும்போது உள்மூலையில் கட்டையை வைத்து இறுக்கினால் மூலை கோணாது. பசை ஒட்டாமலிருக்க மெழுகுத்தாள் சுற்ற வேண்டும். மூலைமட்டம் இவற்றில் சிலவற்றைச் செய்யும், ஆனால் தானாக நிற்காது; நமக்கு இருப்பது இரண்டு கைகள்தான். அரைக் கிலோவுக்கும் மேலான எடை கொண்ட கட்டை வைத்த இடத்தில் நிற்கும்.

துளைகளில்தான் ஏமாற்றம் இருக்கிறது. மரையுள்ள துளைகள் வழக்கமாக 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. 10 மில்லிமீற்றர் போல்ட் உள்ளே போகாது. தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய பிரித்தானிய இயந்திரங்களிலிருந்து கழற்றிய 3/8 விட்வர்த் (பழைய பிரித்தானிய மரைத் தரம்) போல்ட் போகும், ஏனென்றால் அதிலும் 16 மரைதான். மரைக் கோணம் 55 பாகைக்கு 60 பாகை என்று வேறுபட்டாலும் கையால் இறுக்கும் வேலைக்குத் தாங்கும். மலிவான கட்டைகளில் மரையற்ற துளை 5/16 அங்குலம் மட்டுமே. ஆகையால் அதே போல்ட்டைக் கொண்டு இரண்டு கட்டைகளைச் சேர்த்துப் பூட்ட முடியாது, கடின உருக்கு என்பதால் சாதாரண பிட்டால் பெருப்பிக்கவும் முடியாது. வாங்கும் முன் விற்பவரிடம் இந்த ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்.

துரு இன்னொரு தொல்லை. பனிமூட்டக் காலத்தில் ஒரே இரவில் விரல் ரேகை செந்நிறமாகப் பதிந்துவிடும். தையல் இயந்திர எண்ணெய் மெல்லப் பூசி, தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 பாகைக்குக் கீழே அது உறைந்து முகத்தில் படலமாகப் படியும், கட்டையின் உயரமே பொய்யாகிவிடும்.

ஆகவே தடிப்புக்கு டிரில் பிட்டும் பெயாரிங்கும் வைத்துக்கொண்டு, இருக்கும் பணத்தை 1-2-3 சோடிக்குக் கொடுங்கள். ரவுட்டர் வேலை அதிகம் உள்ளவர் பித்தளையை அடுத்ததாக வாங்கலாம். பொதி வந்ததும் தடித்த கண்ணாடித் துண்டொன்றின்மேல் இரண்டு கட்டைகளையும் அருகருகே நிறுத்தி, இணைப்பின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். படி தட்டுப்பட்டால் உயரம் ஒத்திருக்கவில்லை. பிறகு முகத்தோடு முகம் சேர்த்து, பின்னால் கைவிளக்கைப் பிடியுங்கள். ஒரு கட்டையை மட்டும், அதே முகம் மற்றதைத் தொடும்படி, தலைகீழாகத் திருப்பி மீண்டும் பாருங்கள். இரண்டு நிலைகளிலும் ஒளி கசியாவிட்டால் செங்கோணம் சரி. கசிந்தால் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.